மணிக்கட்டில் அறுந்த நரம்பு: தைத்த பிறகும் விரல் ஏன் மரத்தே கிடக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் தகர வேலை செய்யும் உங்கள் மச்சானுக்குத் தகடு வழுக்கி வலது மணிக்கட்டின் உட்பக்கம் ஆழமாக வெட்டிவிட்டது. "மீடியன் நரம்பு அறுந்திருக்கு, தைச்சிருக்கோம், ஒரு வருஷம் ஆகும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தையல் பிரித்து ஒன்றரை மாதமாகியும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கட்டையாக இருக்கின்றன. "ரத்தம் ஓடுற நரம்புதானே, அடைப்பு எடுத்தா சரியாகாதா? இல்ல, ஒயர் மாதிரின்னா, இணைச்ச உடனே கரண்ட் போகணுமே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் நரம்பு ரத்தக் குழாயும் இல்லை, ஒயரும் இல்லை. அது உயிருள்ள ஒரு செல்லின் நீண்ட கை. அந்தச் செல்லின் தலை கழுத்துக்குள் இருக்கிறது, கை விரல் நுனிவரை வந்திருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒரு வருடக் கணக்கும் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூரில் 'நரம்பு' என்ற ஒரே சொல்லை மூன்று பொருள்களுக்குப் புழங்குகிறோம். ஆஸ்பத்திரியில் "நரம்பே கிடைக்கல" என்று சிஸ்டர் கையைத் தட்டித் தேடுவது சிரையை, அதாவது ரத்தம் திரும்பிப் போகும் குழாயை. காலில் சுருண்டு புடைத்திருப்பதை 'நரம்புச் சுருட்டல்' என்கிறோம், அதுவும் சிரைதான். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்பது பெரும்பாலும் தசைப்பிடிப்பு, அல்லது தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண். மருத்துவர் சொன்ன நரம்பு இவை எதுவுமில்லை.

இடது கையை மல்லாத்தி வைத்துப் பாருங்கள். நீலமாகத் தெரிவது சிரை. கட்டைவிரல் பக்கம் விரல் வைத்தால் துடிப்பது தமனி. கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கினால், நடுவில் ஒரு கயிறு எழும்பி நிற்கும். அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசைநாண். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது, அதனால் ஒரு குறையும் இல்லை. அந்தக் கயிற்றுக்கு அடியில், சற்றே கட்டைவிரல் பக்கமாக மீடியன் நரம்பு ஓடுகிறது. பென்சிலில் பாதித் தடிமன் இருக்கும். வெளியே தெரியாது, துடிக்காது, தோலுக்கு வெகு ஆழத்திலும் இல்லை. தகரமோ கண்ணாடியோ அந்த இடத்தில் கிழித்தால் தசைநாணோடு சேர்ந்து இதுவும் போய்விடுவது அதனால்தான்.

இனி அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நியூரான் படம் எல்லோரும் வரைந்திருப்போம். நட்சத்திரம் மாதிரி ஒரு தலை, அதிலிருந்து கிளைகள், பின்னால் ஒரு வால். செல் உடலம், டெண்ட்ரைட், ஆக்சான் என்று பாகம் குறித்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். படத்தில் தப்பில்லை, ஆனால் அளவு ஏமாற்றிவிடும். தாளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் வாலைத் தலையைப்போல் நாலைந்து மடங்கோடு நிறுத்திவிடுவார்கள். நிஜத்தில், கை தசையை இயக்கும் ஒரு நரம்பு செல்லின் உடலம் சுமார் 0.07 மி.மீ. அகலம். அதன் ஆக்சான், உறையோடு சேர்த்து 0.012 மி.மீ. தடிமன். நீளமோ கழுத்திலிருந்து கைவரை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர்.

எல்லாவற்றையும் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு சாத்துக்குடியை வைக்கிறோம். அதுதான் உடலம். அதைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்குக் கிளை விரித்து நிற்பவை டெண்ட்ரைட்டுகள். அந்தச் சாத்துக்குடியிலிருந்து கிளம்பும் விரல் தடிமன் கயிறு ஒன்று, எங்கும் அறாமல், முடிச்சு இல்லாமல், காசிமேடு பக்கமாக 750 மீட்டர் போய் ஒரு தசையைத் தொடுகிறது. கால் கட்டைவிரலுக்குப் போகும் கயிறு என்றால் ஒரு கிலோமீட்டர். இத்தனை நீளக் கயிறும் அந்த ஒரு சாத்துக்குடிக்குச் சொந்தம்.

பராமரிப்பும் அதன் பொறுப்புதான். உட்கரு உடலத்தில் இருக்கிறது. புரதம் தயாரிக்கும் பட்டறைகளும், அதாவது நிசில் துகள்கள் என்று படித்தவை, உடலத்திலும் டெண்ட்ரைட்டின் அடியிலும்தான் இருக்கின்றன. ஆக்சானில் அவை இல்லை. விரல் நுனியில் தேய்ந்துபோகும் புரதத்துக்கு மாற்று கழுத்திலிருந்து வர வேண்டும். இதற்காக ஆக்சானுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம்போல் கிடக்கின்றன. அவற்றின் மீது கைனசின் என்ற புரதம் சரக்கை முனையை நோக்கி இழுத்துப் போகிறது. டைனீன் என்ற புரதம் கழிவையும் செய்தியையும் உடலத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. விரைவு வண்டி நாளுக்கு 200 முதல் 400 மி.மீ. வரை போகும், அதாவது கழுத்திலிருந்து கைக்கு இரண்டு முதல் நாலு நாள். ஆனால் கட்டுமானப் பொருள்கள், அந்தத் தண்டவாளமே செய்யத் தேவையான புரதங்கள், கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டிபோல் மெதுவாகத்தான் நகரும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், சிலவகை ஒருசில மில்லிமீட்டர். இந்த 'நாளுக்கு ஒரு மில்லிமீட்டரை' நினைவில் வையுங்கள், மச்சான் கதையில் திரும்ப வரும்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போக முடியாது. நாய்க்கடியில் ரேபீஸ் வைரஸ் ரத்தம் வழியாக மூளைக்குப் போவதில்லை. கடித்த இடத்து நரம்பு முனைக்குள் நுழைந்து, அந்த டைனீன் வண்டியில் ஏறித்தான் போகிறது. முகத்திலோ கழுத்திலோ கடித்தால் தூரம் குறைவு, நோய் சீக்கிரம் வரும். அது நரம்புக்குள் ஏறுவதற்கு முன்னால் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும், அன்றே தடுப்பூசி போடத் தொடங்குவதும் உயிர் காக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று சர்க்கரை. சர்க்கரைக்காரர்களுக்கு முதலில் பாதம்தான் மரத்துப் போகும், இரண்டு காலிலும் சாக்ஸ் போட்ட மாதிரி ஏறிவரும், கைக்கு அது பிறகுதான். பாதத்துக்குப் போகும் ஆக்சான் உடம்பிலேயே நீளமானது. நீண்ட வழியில் சப்ளை தடுமாறினால் முதலில் காய்வது கடைக்கோடிதானே.

உடலங்கள் எங்கே இருக்கின்றன என்பதில் இரண்டு வகை உண்டு. தசையை இயக்கும் செல்லின் உடலம் தண்டுவடத்துக்குள்ளேயே, அதன் முன்பகுதியில் இருக்கிறது. தொடு உணர்வு, வலி, சூடு ஆகியவற்றை எடுத்துப்போகும் செல்லின் உடலம் தண்டுவடத்துக்குச் சற்று வெளியே, முதுகெலும்பு இடுக்கில் ஒரு சிறு முடிச்சாக இருக்கிறது. அந்தச் செல்லுக்குப் படத்தில் வரைந்த மாதிரி சுற்றிலும் கிளை கிடையாது. ஒரே காம்பு, சிறிது தூரத்தில் 'டி' எழுத்துபோல் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை விரலுக்கு, ஒரு கிளை தண்டுவடத்துக்கு. தண்டுவடத்திலிருந்து இப்படி 31 ஜோடி நரம்புகள் வெளியே வருகின்றன, மூளையிலிருந்து 12 ஜோடி. மீடியன் நரம்பு கழுத்தின் கீழ்ப்பகுதி நரம்புகள் தோளில் பின்னிப் பிரிந்து உருவாவது.

அடுத்தது 'கரண்ட்' கேள்வி. ஒயரில் மின்சாரம் நீளவாக்கில் ஓடுகிறது, தூரம் கூடக் கூடக் குறைகிறது. நரம்பில் நடப்பது சரவெடிக்கு நெருக்கமானது. ஒரு வெடி பக்கத்து வெடியைப் பற்றவைக்கிறது, அது அடுத்ததை. கடைசி வெடியும் முதல் வெடி அளவுக்கே சத்தம் போடும்.

ஆக்சானின் உட்புறம் ஓய்வில் வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். தூண்டுதல் வந்து அது 55 அளவுக்கு இறங்கினால், சவ்வில் உள்ள சோடியம் வாசல்கள் திறந்துகொள்ளும். வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாய, அந்த இடம் நேர்மின் பக்கம் 30 வரை எகிறும், அதுவும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அதற்குள் பக்கத்து இடம் பற்றிக்கொண்டிருக்கும். சரவெடி ஒருமுறைதான், நரம்போ அடுத்த சில மில்லிநொடிகளில் மறுபடி தயார். கலைந்த உப்புகளை மீண்டும் வரிசைப்படுத்த, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்று ஓயாமல் ஓடுகிறது. அதற்கு ஆக்சிஜனும் குளுக்கோஸும் வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போவது, நரம்பு நசுங்கி அதன் ரத்த ஓட்டமும் நின்று இந்த ஏற்பாடு தற்காலிகமாக முடங்குவதால்தான். காலை நீட்டியதும் ஊசி குத்துவதுபோல் இருப்பது, அது மறுபடி கிளம்பும்போது தாறுமாறாக வெடிப்பது.

பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகெயின் இந்தச் சோடியம் வாசலைத்தான் அடைக்கிறது. வலையில் சிக்கினால் மீனவர்கள் தூக்கி எறியும் பேத்தை மீனின் நஞ்சும் இதே வாசலைத்தான் அடைக்கிறது. லிக்னோகெயின் ஒரு பல்லோடு நின்றுவிடும். பேத்தை நஞ்சு மூச்சுத் தசைக்குப் போகும் நரம்புகளையும் அடைத்து ஆளைக் கொன்றுவிடும், கொதிக்கவைத்தாலும் அது போகாது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், அதற்குக் கடம்பாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். காசிமேட்டில் கடம்பா என்று கூறுகட்டி விற்கும் கணவாயின் குழல் உடம்பை நீளவாக்கில் அறுத்து விரித்தால், உட்சுவரில் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாய்ப் பிரியும் மெல்லிய இழைகள் இருக்கும். அவற்றுக்குள் ஓடும் ராட்சத ஆக்சான், பெரிய கணவாய் இனங்களில் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும். நம்முடையதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். உள்ளேயே மின்முனையைச் செருகலாம். இங்கிலாந்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் அப்படிச் செருகி அளந்துதான் 1952-இல் இந்தக் கணக்கை எழுதினார்கள், 1963-இல் நோபல் பரிசு வந்தது.

கணவாய் ஏன் இவ்வளவு தடியாக வைத்திருக்கிறது? அதற்கு மயலின் உறை கிடையாது. உறை இல்லாமல் வேகம் வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டுவது ஒன்றே வழி. அப்படியும் நொடிக்கு 25 மீட்டர் அளவுதான் கிடைக்கிறது. நம் ஆக்சான் அதைவிட எவ்வளவோ மெல்லியது, ஆனால் 70 மீட்டர் போகிறது. காரணம் ஷ்வான் செல்.

ஷ்வான் செல் என்பது தனி உயிரணு. கைக்கு பேண்டேஜ் சுற்றுவதுபோல் அது தன் உடம்பையே ஆக்சானைச் சுற்றிப் பல பத்துச் சுற்றுகள் சுற்றிக்கொள்கிறது. அந்தக் கொழுப்புச் சுற்றுதான் மயலின். ஒரு ஷ்வான் செல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளத்தைத்தான் மூடும், அதனால் கழுத்திலிருந்து கைவரை ஓர் ஆக்சானுக்கு மட்டும் எழுநூறுக்கும் மேல் ஷ்வான் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு செல்லுக்கு நடுவே கரும்புக் கணுபோல் ஒரு சிறு இடைவெளி இருக்கும், அதுதான் ரன்வீர் கணு. சோடியம் வாசல்கள் அங்கே குவிந்திருப்பதால் வெடி கணுவுக்குக் கணு தாவிப் போகிறது. உறையுள்ள இழையில் வேகத்தைக் கணிக்க எளிய வழி உண்டு: தடிமனை மைக்ரோமீட்டரில் எடுத்து 6-ஆல் பெருக்குங்கள். 12 மைக்ரோமீட்டர் என்றால் நொடிக்கு 72 மீட்டர்.

எல்லா இழைக்கும் இந்தச் சலுகை கிடையாது. கால் கட்டைவிரலைப் படியில் இடித்துக்கொண்ட கணத்தை நினைத்துப் பாருங்கள். 'இடிச்சிட்டோம்' என்று முதலில் தெரியும், சுரீர் என்று ஒரு வலி, பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் அந்த எரிந்து பிசையும் வலி வந்து உட்காரும். தொடு உணர்வு தடித்த இழையில் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் தண்டுவடத்துக்கு வந்துவிட்டது. சுரீர் வலி மெல்லிய உறையுள்ள இழையில் வந்தது, நொடிக்கு 15 மீட்டர்போல. கடைசி வலி உறையே இல்லாத இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்து வருகிறது. இந்த மூன்று வகையும், வியர்வைச் சுரப்பிக்குப் போகும் இழைகளும், தசைக்குப் போகும் இழைகளும் கலந்துதான் ஒரே மீடியன் நரம்புக்குள் ஓடுகின்றன.

ஆக்சானின் கடைசி முனை தசையை ஒட்டுவதில்லை. நடுவில் மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு இடைவெளி உண்டு. முனையிலுள்ள பைகள் வெடித்து அசிட்டைல்கோலினைக் கொட்டும், அது தசையைத் தூண்டும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இப்படி இருக்கும் சந்திப்பைத்தான் சினாப்ஸ் என்கிறோம்.

செல்லிலிருந்து வெளியே வந்து, அறுவை மருத்துவர் கண்ணால் பார்க்கும் நரம்புக்கு வருவோம். ஒவ்வோர் ஆக்சானையும் ஷ்வான் செல்லோடு சேர்த்து எண்டோநியூரியம் என்ற மெல்லிய குழல் மூடியிருக்கிறது. அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான குழல்களை ஒரு கட்டாகச் சேர்த்துப் பெரிநியூரியம் என்ற உறுதியான உறை இறுக்கிப் பிடிக்கிறது. பத்து, இருபது கட்டுகளைச் சேர்த்து எபிநியூரியம் என்ற வெளி உறை மூடுகிறது. இடையிடையே கொழுப்பும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் துறைமுகத்தில் கிடக்கும் கேபிளை அறுத்த மாதிரி இருக்கும்: பெரிய குழாய்க்குள் சிறு குழாய்கள், அவற்றுக்குள் இழைகள். ஆனால் கேபிள்போல் இந்தக் கட்டுகள் தனித்தனியாகக் கடைசிவரை ஓடுவதில்லை. வழியில் பிரிந்தும் கூடியும் இடம் மாறிக்கொண்டே போகின்றன. தைப்பவருக்குள்ள பெரிய சங்கடம் இதுதான்.

தைக்கும்போது ஆக்சானைத் தைக்க முடியாது, அது முடியாத காரியம். நுண்ணோக்கியின் கீழே, 8-0 அல்லது 9-0 நைலான் இழையால், அதாவது தலைமுடியைவிட மெல்லிய இழையால், வெளி உறையின் ஓரங்களை மட்டும் சேர்க்கிறார்கள். நரம்பின் மேல் ஓடும் சின்ன ரத்தக் குழாய்க் கோடுகளை இரண்டு பக்கமும் பொருத்தி, முறுக்கில்லாமல் கட்டுக்குக் கட்டு நேராக வைப்பதுதான் திறமை. வடசென்னைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு இந்த வேலைக்கென்றே பேர்போனது.

ஆக, மச்சானுக்குத் தைத்திருப்பது குழாயை. உள்ளே இழை இன்னும் வரவில்லை.

வெட்டுப்பட்ட அன்று என்ன நடந்தது? வெட்டுக்குக் கீழே, விரல் பக்கம் இருந்த ஆக்சான் துண்டுக்கு உடலத்தோடு தொடர்பு போய்விட்டது, சரக்கு நின்றது. ஒன்றிரண்டு நாளில் அது துண்டு துண்டாகச் சிதையத் தொடங்கும். வாலர் என்ற உடலியலாளர் 1850-இல் தவளை நாக்கின் நரம்பை அறுத்துப் பார்த்துக் கண்டறிந்தது இது, அவர் பெயரிலேயே வாலரியன் சிதைவு என்கிறார்கள். ஷ்வான் செல்கள் மட்டும் சாவதில்லை. அவை மயலினைக் கழற்றிப் போட்டு, குப்பையை அப்புறப்படுத்தும் செல்களை அழைத்து, பெருகி, காலியான குழலுக்குள் வரிசை கட்டி நிற்கின்றன. கழுத்திலோ அந்த உடலம் வீங்கி, நிசில் துகள்களைக் கலைத்து, செய்தி அனுப்பும் வேலையை நிறுத்திவிட்டு வளர்ச்சிக்கான புரதத்தைத் தயாரிக்க இறங்குகிறது. சில வாரத்தில் வெட்டு முனையிலிருந்து புது முளைகள் கிளம்பித் தையலைத் தாண்டும். ஷ்வான் செல் வரிசையைப் பிடித்துக்கொண்டு நகரும். வேகம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அந்தக் கூட்ஸ் வண்டி வேகம்.

கணக்குப் போடுங்கள். தையல் பிரித்து ஒன்றரை மாதம் என்றால் ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம். முதல் மாதம் முளை விடவும் தையலைத் தாண்டவும் போயிற்று. அடுத்த மாதம் முப்பது மில்லிமீட்டர். இன்று முனை உள்ளங்கைக்குள் மூன்று சென்டிமீட்டர் இறங்கி நிற்கும். கட்டைவிரல் மேட்டுத் தசை ஐந்தாறு சென்டிமீட்டர் தூரம், ஆக ஆபரேஷனிலிருந்து மூன்று மாதம் வாக்கில் சேரும். அசைவு தெரிய இன்னும் கொஞ்சம் கூடும். ஆள்காட்டி விரல் நுனி 17, 18 சென்டிமீட்டர், ஏழு மாதத்துக்குக் குறையாது. அதற்குப் பிறகு உறை தடித்து, இழை முதிர்ந்து, உணர்வு தெளிய மீதி மாதங்கள். ஒரு வருஷம் என்று அவர்கள் சொன்னது சாக்கு இல்லை, அளந்து சொன்னது.

மணிக்கட்டில் வெட்டுப்பட்டவருக்கு இந்தக் கணக்கு சாதகம். எண்ணூர் சாலையில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தோள் இழுபட்டுக் கழுத்தோரத்தில் நரம்பு அறுந்தவரை நினைத்துப் பாருங்கள். 70 சென்டிமீட்டர் என்பது 700 நாள். நரம்பு வராத தசை 12 முதல் 18 மாதத்துக்குள் சுருங்கி நாராகிவிடும். நரம்பு போய்ச் சேரும்போது வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்காது. அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்திலுள்ள வேறு நரம்பைத் திருப்பி இணைக்கிறார்கள், அதையும் முதல் சில மாதங்களுக்குள் செய்துவிட வேண்டும். மூளை, தண்டுவடத்துக்குள் அறுந்தால் நிலைமை இன்னும் கடினம். அங்கே உறை போடுவது ஷ்வான் செல் இல்லை, ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற வேறு செல். அது வழிகாட்டாது, வளர்ச்சியைத் தடுக்கவும் செய்யும்.

எங்கே தவறலாம்? இரண்டு முனைக்கும் நடுவே தழும்பு வளர்ந்தால், முளைகள் வழி தெரியாமல் சுருண்டு உருண்டையாகும். அது நியூரோமா, தொட்டாலே ஷாக் அடிக்கும். உணர்வு இழை தசைக் குழலுக்குள் போனால் அந்தப் பயணம் வீண். நடுவிரல் இழை ஆள்காட்டி விரல் குழலுக்குள் போனால், ஆள்காட்டியைத் தொட நடுவிரலைத் தொட்ட மாதிரி இருக்கும். இதை மூளை திரும்பப் படித்துக்கொள்ளும். கண்ணைத் திறந்துகொண்டு நாணயம், அரிசி, துணி, சாவி என்று தடவிப் பார்த்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையே அடையாளம் சொல்லும் பயிற்சியைத் தினம் மூன்று நாலு முறை பத்துப் பத்து நிமிடம் செய்ய வேண்டும். உணர்வு திரும்பத் தொடங்கியதும் இதில் சோம்பல் கூடாது.

அதுவரை பெரிய ஆபத்து மரத்த விரலே. சூடு தெரியாது. டீ கிளாஸ், வெல்டிங் செய்த தகடு, பீடி நெருப்பு, எல்லாம் கொப்புளமானதைப் பார்த்த பிறகுதான் தெரியவரும். வியர்வை நரம்பும் போயிருப்பதால் தோல் வறண்டு வெடிக்கும், தினமும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அது தோலுக்காக, நரம்பு அதனால் வேகமாக வளராது. இரவு படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அசையாத மூட்டுகளை மறுகையால் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப்போயிருக்கும். பி12 குறைபாடு இருந்தால் மாத்திரை அவசியம்தான். ஆனால் 'நரம்புச் சத்து' ஊசி போட்டால் ஒரு மில்லிமீட்டர் இரண்டாகும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். புகையை விட்டால் அது நிச்சயம் உதவும், நரம்புக்கும் ரத்தம் வேண்டும்.

நரம்பு பரிசோதனை எழுதிக் கொடுத்தால் ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். முழங்கையிலும் மணிக்கட்டிலும் தூண்டி, தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுப்பார்கள். 220 மி.மீ. தூரம், 4 மில்லிநொடி வித்தியாசம் என்றால் நொடிக்கு 55 மீட்டர், அது இயல்பு. வேகம் குறைந்தால் உறையில் கோளாறு, அலையின் உயரம் குறைந்தால் இழைகளே குறைவு. கை குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டு மீட்டர்போல வேகம் குறைத்துக் காட்டும், ஏ.சி. அறையில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு உட்காருங்கள். வெட்டுப்பட்ட முதல் சில நாளில் இந்தப் பரிசோதனை ஏமாற்றும். அறுந்த கீழ்த்துண்டு சிதையும்வரை மின்சாரத்தைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் உண்மை தெரியும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளங்கையில் விரல் பக்கத்திலிருந்து தொடங்கி, மணிக்கட்டை நோக்கி, விரல் நுனியால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் தட்டும்போது மரத்த விரலுக்குள் சுரீர் என்று ஓடும். புது முளைகளுக்கு இன்னும் உறை விழவில்லை, அதனால் தட்டினாலே வெடிக்கின்றன. அந்தப் புள்ளியில் பேனாவால் குறித்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளந்து, காலண்டரில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை போதும், தினமும் தட்டிப் புண்ணாக்க வேண்டாம். மாதம் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கினால் சரியான பாதை. ஆபரேஷன் முடிந்து மூன்று நாலு மாதமாகியும் தழும்பிலேயே நின்றுவிட்டால், அல்லது தழும்பில் வலிக்கும் முடிச்சு வந்தால், வருஷம் முடியட்டும் என்று காத்திருக்காமல் தைத்த இடத்துக்கே அந்தக் குறிப்போடு போங்கள். கெண்டைக்கால் பக்கத்திலிருந்து சூரல் நரம்பை எடுத்து ஒட்டுப் போட வேண்டி வரலாம், அதற்கும் காலம் கடத்தக் கூடாது.

இன்னொரு சோதனை: கையை அரை மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். சூட்டை நல்ல கையால் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் தோல் சுருங்கும், அதற்கு வேறு நரம்பு. மரத்த விரல்கள் வழவழப்பாகவே இருக்கும், ஏனென்றால் ஊறிய தோல் சுருங்குவதும் நரம்பு செய்யும் வேலை. பல மாதம் கழித்து ஒரு நாள் அவையும் சுருங்கினால், மெல்லிய இழைகள் நுனிக்கு வந்துவிட்டன என்று பொருள். முதலில் வருவது சரியான தொடு உணர்வாக இருக்காது. குத்தலும் சூடும் முன்னே வரும், எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், சட்டைத் துணி உரசினால்கூட எரியும். "மறுபடி கெட்டுப்போச்சோ" என்று மச்சான் அன்றைக்குப் பயப்படுவார். நரம்பு வந்து சேர்ந்துவிட்டது, இன்னும் உறை போடவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள்.